குவாங்சோ போகிறவர்கள் கவனத்துக்கு: 'பழைய' பூ-அர் டீ வாங்கி நான் ஏமாந்த கதை

மிஷின் பார்க்க, சரக்கு எடுக்க என்று சீனாவின் குவாங்சோ போகிற நம் ஆட்கள் பலர் திரும்பும்போது டீ வாங்கி வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. போன முறை அங்கே ஒரு தேயிலைக் கடையில் 1,260 யுவானைத் தொலைத்துவிட்டு வந்தேன். நம் காசுக்குச் சுமார் 15,000 ரூபாய்.

நான் தேடிப்போனது பூ-அர். யுன்னான் மாகாணத்துப் பெரிய இலைத் தேயிலை. வெயிலில் காயவைத்த இலையை ஆவி காட்டி, அடை மாதிரி வட்டமாக அழுத்திவிடுவார்கள். ஒரு வட்டு வழக்கமாக 357 கிராம். இதில் 'ஷெங்' என்கிற வகை வருஷக்கணக்கில் தானாகப் பதமாகும். 20 வருஷச் சரக்கு என்றால் விலை எங்கோ போய்விடும். இன்னொன்று 'ஷௌ'. இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடிப்போட்டு ஒன்றரை, இரண்டு மாதத்தில் புளிக்கவைப்பது. 1970-களில் யுன்னானின் தலைநகர் குன்மிங்கில் கண்டுபிடித்த குறுக்குவழி. அதுவும் நல்ல டீதான், ஆனால் மலிவு. ரொம்பப் பழைய ஷெங்கின் டிகாஷனும் ஷௌவைப் போலவே கருமையாக இருப்பதுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி.

கடைக்கார அம்மா உட்காரவைத்து, மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் டீ போட்டுக் கொடுத்தார். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டார். அதுவரை சரியான முறைதான். அப்புறம் ஒவ்வொரு முறையும் ஊற்றிய வேகத்திலேயே வடித்தார். வழவழவென்று, கசப்பே இல்லை. மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டினார்: 1999, ஷெங், கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும். அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால். விழுந்துவிட்டேன்.

விலை 180 என்றார். தலையாட்டினேன். உடனே ஒரு வட்டின் மேல்தாளை உரித்து, ஊசியால் ஓரத்தைப் பெயர்த்து இன்னொரு கிண்ணம் போட்டார். பில் போடும்போதுதான் தெரிந்தது, 180 என்பது ஒரு லியாங்குக்கு, அதாவது 50 கிராமுக்கு. வட்டு ஏழு லியாங் சொச்சம். சொச்சத்தை விட்டுக்கொடுத்து 1,260 என்றார், ஏதோ தள்ளுபடி மாதிரி! உடைத்த வட்டைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் அவர் கையால் குடித்துவிட்டு எழுந்துபோக எனக்கும் வெட்கம். கட்டிவிட்டேன்.

சாயங்காலம், எங்களுக்குச் சரக்கு அனுப்பும் சீன நண்பரிடம் காட்டினேன். அவர் டீயைத் தொடவே இல்லை. மேல்தாளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் எஸ், சி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் 14 இலக்கமும். அது உணவுத் தயாரிப்பு உரிம எண். அந்த முறை வந்ததே 2015 அக்டோபரில்தான். 1999-இல் அழுத்திய வட்டில் அது எப்படி வரும்?

அப்புறம் 3 கிராம் எடுத்து, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் அப்படியே விட்டார். மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை. அவசரமாகப் புளிக்கவைத்த புது ஷௌவில் வருகிற வாடை அது. கடையில் நொடியில் வடித்ததால் மறைந்திருந்தது. ஊறிய இலையை விரலில் தேய்த்தால் கரிபோல நசுங்கியது. பழைய ஷெங் இலை பழுப்பாக, இழுத்தால் கொஞ்சம் ஈடுகொடுத்து விரியுமாம்.

மறுநாள் கடைக்குப் போனால், தாள்தான் புதுசு, டீ பழசு என்கிறார் அந்த அம்மா. 12315 என்று நுகர்வோர் புகார் எண் ஒன்று உண்டு, நண்பரே பேசிப் பார்த்தார். ஆனால் என் ரசீதில் 'தேயிலை' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. வருஷமும் இல்லை, வகையும் இல்லை. எதை வைத்துச் சண்டை போடுவது?

ஆகவே குடிக்க உட்காரும் முன்பே, விலை லியாங்குக்கா, 500 கிராமான ஜின்னுக்கா, வட்டுக்கா என்று எழுதிக் கேளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் வட்டிலிருந்தே ஐந்து நிமிஷம் ஊறவைக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்துவிடுங்கள். வருஷமும் வகையும் ரசீதில் வரட்டும்.

மருத்துவக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பூ-அரில் உள்ள தியாபிரவுனின் என்ற பொருள் எலிகளுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைத்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு விஷயம். தவிர, இதிலும் காபீன் உண்டு, ராத்திரியில் குடித்தால் தூக்கம் போகும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு லேசானது போல இருக்கும், அதற்காகக் குடிக்கலாம். 100 மில்லிக்கு 5 கிராம், பத்துப் பத்து நொடியாக வடித்தால் அதே இலை எட்டு முறை தாங்கும். நல்ல இலையாக இருந்தால்.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "நெத்திலி கழுவின தண்ணியாடா?" என்றார். மிச்ச வட்டு பரண்மேல் இருக்கிறது.