ஸ்டிக்கரில் எம்.பி.பி.டி., உள்ளே வேறு: வேனுக்கு சோலார் போடுகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலில் ஒரு சோலார் கடையில் 1,25,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்களே பிடித்துவிடலாம்.

எனக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. மரம் இலை உதிர்த்துப் பால்வெட்டு நிற்கிற மாசியில் கையில் வேலை இருக்காது. அந்த நாட்களில் ஊர் சுற்றலாம் என்று ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்தோம். கரண்டுக்குத்தான் அந்தக் கடைக்குப் போனேன். 330 வாட் பேனல் இரண்டு, 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, '60 ஆம்பியர் எம்.பி.பி.டி.' என்று ஸ்டிக்கர் ஒட்டிய நீல நிறச் சார்ஜர். எம்.பி.பி.டி. என்றால் பேனலின் முழுச் சக்தியையும் வாங்கிப் பேட்டரிக்குக் கொடுக்கிற வகைச் சார்ஜர். "அண்ணாச்சி, இதற்குமேல் வண்டிக்கு என்ன வேண்டும்? ஒரு வாரம் கடற்கரையிலேயே கிடக்கலாம்" என்றார் கடைக்காரர். சார்ஜருக்கு மட்டும் 9,500 ரூபாய் போட்டிருந்தார். அண்ணாச்சி என்று அழைத்த அழைப்பிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன் என்பது இப்போது புரிகிறது.

முதல் பயணம் முட்டம், சொத்தவிளை, வட்டக்கோட்டை. மாசி வெயில், வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. முட்டத்தில் வாங்கிய நெய்மீனை ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பேட்டரி கட் ஆகி, மின்விசிறி நின்று, வியர்வையில் எழுந்தோம். மீன் போனது. என் மனைவி அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். மேகமாக இருந்திருக்கும் என்றார். இல்லை என்றதும், கடல்காற்றில் உப்பு படிந்திருக்கும், பேனலைத் துடையுங்கள் என்றார். துடைத்தேன். ஒரு வாரம் காலையும் மாலையும் ஏணி போட்டு ஏறி, ஈரத்துணியால் துடைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் வேன் கூரைமேல் நான் செய்த இந்தப் பணிவிடையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு வேனை முற்றத்தில் நிறுத்தி, ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டிருந்தேன். செலவு குறைவு என்பதால் பேட்டரி மெல்ல நிறைந்துகொண்டு வந்தது. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் 'டப்' என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாடை. ஃபிரிட்ஜின் போர்டு போய்விட்டது.

அதற்குமேல்தான் என் அக்காள் மகனைக் கூப்பிட்டேன். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன். முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. அவன் வந்து சார்ஜரை ஸ்குரு கழற்றிக் கையில் எடுத்தான். "மாமா, இது தூக்கும்போதே தெரிகிறதே" என்றான். உண்மையான எம்.பி.பி.டி.க்குள் செம்புக்கம்பி சுற்றிய கனமான காயில் இருக்கும். வோல்ட்டேஜைக் குறைத்து ஆம்பியராக மாற்றுவது அதுதான். 60 ஆம்பியர் பெட்டி என்றால் ஒரு கையில் தூக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். இது ஒரு சோப்புப் பெட்டியின் கனம்தான் இருந்தது. மூடியைத் திறந்து காட்டினான்: சின்னப் பச்சைப் போர்டு, நாலைந்து டிரான்சிஸ்டர், காயில் என்று ஒன்றுமே இல்லை.

மறுபடி மாட்டி மல்டிமீட்டரை எடுத்தான். உச்சி வெயில். சார்ஜரில் பேனல் ஒயர் வந்து சேரும் இடத்தில் 13.6 வோல்ட், பேட்டரியில் 13.2. பேனல்மேல் போர்வையைப் போர்த்தி ஒயரைக் கழற்றிவிட்டு, போர்வையை எடுத்தபின் வெறும் பேனலை அளந்தான்: 42. "பார்த்தீர்களா, 42 வோல்ட் பேனலை இது கழுத்தைப் பிடித்து 13க்கு இறக்கி வைத்திருக்கிறது."

அவன் சொன்ன கணக்கு இது. என் பேனல் 72 செல் பேனல். சார்ஜரோடு சேர்ந்து ஓடும்போது அதன் முழு வேகம் 37 வோல்ட் சொச்சம், 8.8 ஆம்பியர், அதைப் பெருக்கினால்தான் கிட்டத்தட்ட 330 வாட் வரும். எம்.பி.பி.டி. பேனலை அந்த 37க்குப் பக்கத்திலேயே ஓடவிட்டு, மிச்ச வோல்ட்டேஜை ஆம்பியராக்கிப் பேட்டரிக்குக் கொடுக்கும். பி.டபிள்யூ.எம். என்ற சாதாரணச் சார்ஜர் பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கும், அவ்வளவுதான். பேட்டரி 13 வோல்ட் என்றால் பேனலும் 13க்கு வந்துவிடும். ஆம்பியர் அதே 8.8. ஆக ஒரு பேனலுக்கு 115 வாட். இரண்டுக்கும் சேர்த்து 230. நான் 660 வாட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

பி.டபிள்யூ.எம். கெட்ட பொருள் அல்ல. 12 வோல்ட் பேட்டரிக்கென்றே செய்த 36 செல் பேனல், 18 வோல்ட் சுற்றி ஓடுவது, அதோடு சேர்த்தால் விலைக்கேற்ற வேலை செய்யும். வீட்டு மாடிக்கான பெரிய பேனலைக் கொடுத்துவிட்டு, அதோடு இதைச் சேர்த்து, மேலே வேறு பெயர் ஒட்டியதுதான் அயோக்கியத்தனம்.

ஃபிரிட்ஜ் போனதும் இதே பெட்டியால்தான். சார்ஜர், தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பேட்டரிக்கான செட்டிங்கில் இருந்தது. அந்த வோல்ட்டேஜ் லித்தியத்துக்கு அதிகம். பேட்டரி நிறைந்ததும் அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் போர்டு, செல்களைக் காப்பாற்றப் பேட்டரியைத் துண்டித்துவிட்டது. வோல்ட்டேஜைப் பிடித்து வைக்கப் பேட்டரி இல்லாததால், பேனலின் நாற்பது சொச்சம் வோல்ட் அப்படியே ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது.

இதோடு கூரையிலிருந்து வந்த ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர், வீட்டில் பிளக் பாயிண்டுக்கு இழுக்கிற ஒயர். ஃபியூஸ் எங்கும் இல்லை. "படகில் இப்படிச் செய்தால் என்னைக் கடலில் தள்ளிவிடுவார்கள்" என்றான்.

இப்போது 40 ஆம்பியர், 100 வோல்ட் தாங்கும் எம்.பி.பி.டி. மாட்டியிருக்கிறான். பேனல்கள் இரண்டையும் பேரலலாகச் சேர்த்திருக்கிறான், ஏனென்றால் தென்னை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மற்றது ஓடும். பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் ஒயர், பக்கத்திலேயே ஃபியூஸ். அன்று மதியம் அளந்தபோது பேனல் பக்கம் 33 வோல்ட், பேட்டரிக்குள் 34 ஆம்பியர். பழைய பெட்டியில் அதே நேரத்துக்கு 15ஐத் தாண்டியதில்லை.

ஆகவே, பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் நல்ல வெயிலில், பேட்டரி நிறையாமல் இருக்கும்போது, சார்ஜரில் பேனல் ஒயர் வந்து சேரும் இடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பெரிய பேனலாக இருந்தும் அங்கே பேட்டரியின் வோல்ட்டேஜே வந்தால் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள்.

பெட்டியோடு கடைக்குப் போனேன். "கம்பெனி ஸ்டிக்கர் அண்ணாச்சி, எனக்கு என்ன தெரியும்?" என்றார். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. 1915 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதற்காக வீட்டில் பில்லைத் தேடினேன். ஜிஎஸ்டி சேர்த்தால் கூடுமே என்று அவர் சொன்னதற்குத் தலையாட்டி, எஸ்டிமேட் சீட்டோடு வந்திருக்கிறேன். கம்பெனி பெயரோ மாடல் எண்ணோ அதில் இல்லை. மூன்றாவது வரியில் பால்பாயிண்டில் 'சார்ஜர் - 1' என்று எழுதியிருக்கிறது.