எம்-சாண்ட்: வாங்கலாம், ஆனால் தேய்த்துப் பார்த்து

கிராமத்தில் வீடு கட்ட, ஆற்றுமணலுக்குப் பதில், கருங்கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணலான எம்-சாண்டைத் தயங்காமல் வாங்கலாம். கழுவியதாக இருக்க வேண்டும். கழுவாத கிரஷர் தூளையும் இதே பெயரில் லோடு அடிக்கிறார்கள். இறக்கும் முன் ஒரு பிடியை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் ஒட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்: அந்தத் தூள் தண்ணீரை உறிஞ்சும், பூச்சு காய்ந்ததும் முடிபோல் மெல்லிய வெடிப்பு விடும். பூச்சுக்குத் தனியாக, அதற்கென்றே வரும் நைஸான பி-சாண்ட்தான்.

கான்கிரீட்டில் எம்-சாண்ட் அருமையாகப் பிடிக்கும். துகள்கள் கூர்மையானவை என்பதால் கலவை முரடாக வரும், கொத்தனார் தண்ணீரைக் கூட்டப் பார்ப்பார். விடாதீர்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமென்றால் அதிலும் குறைக்க வேண்டும்.

1 யூனிட் என்பது 100 கன அடி. டிப்பரை டேப்பால் அளந்த பிறகே பணம் கொடுங்கள்.