செர்ரி இறாலா, கிரிஸ்டல் ரெட்டா? மொட்டைமாடிக்குக் கீழே ஒரு தொட்டி

புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. தலைக்கு மேலே மொட்டைமாடி. சித்திரை பிறந்துவிட்டால் இரவு ஒன்பது மணிக்கும் கூரையிலிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த வீட்டு ஹாலில், வடக்குச் சுவரை ஒட்டி, இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று நான்கு வருடமாக இருக்கிறது. அதில் செர்ரி இறால் வளர்க்கிறேன், அழகுக்காக வளர்க்கும் சின்னஞ்சிறு நன்னீர் இறால் அது. இடையில் ஆசைப்பட்டு, 25 லிட்டர் பிடிக்கும் இன்னொரு சின்னத் தொட்டியில் கிரிஸ்டல் ரெட் என்ற இறாலும் வளர்த்தேன். இப்போது என்னிடம் இருப்பது செர்ரி மட்டும்தான்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வைத்திருப்பார்கள். புதிதாகப் போகிறவரின் கண் கிரிஸ்டலில்தான் நிற்கும். வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாக, பீங்கானில் வண்ணம் தீட்டியதுபோல் இருக்கும். ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர், கறுப்பு வெள்ளை 'பீ' இறால்களுக்கு நடுவே தற்செயலாகப் பிறந்த சிவப்புக் குஞ்சைப் பிரித்து, 1990களில் பல தலைமுறை தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகை இது. அந்தப் பொறுமை அதன் நிறத்தில் தெரியும். அழகில் செர்ரி இதற்கு ஒரு படி கீழேதான், இதை நான் மறுக்கவே மாட்டேன்.

மற்றபடி இரண்டுக்கும் பொதுவானவை நிறைய. இரண்டும் ஏறக்குறைய ஓர் அங்குலம் வளரும், ஒன்று முதல் இரண்டு வருடம் வாழும். பாசியும் இலைச் சருகும் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். இரண்டின் குஞ்சும் முட்டையிலிருந்து வரும்போதே தாயின் சின்ன உருவமாக வரும். கடைகளில் கிடைக்கும் இன்னொரு வகையான அமானோ இறால் இப்படி இல்லை, அதன் இளங்குஞ்சு தேற உப்பு கலந்த நீர் வேண்டும். வீட்டில் குஞ்சு எடுக்க நினைப்பவர் அதை விட்டுவிடலாம். விலையைப் பொறுத்தவரை, ஒரு கிரிஸ்டல் வாங்கும் பணத்தில் நான் ஐந்தாறு செர்ரி வாங்கினேன். தரம் கூடினால் இடைவெளி இன்னும் கூடும்.

தண்ணீரில்தான் முதல் வித்தியாசம். செர்ரிக்கு நடுத்தரக் கடினத்தன்மை போதும். பிஎச் 6.5லிருந்து 8 வரை தாங்கும், டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 150 முதல் 300 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கும். கிரிஸ்டலுக்கு மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் வேண்டும். பிஎச் 6க்கும் 6.8க்கும் நடுவில், டிடிஎஸ் 100 முதல் 150க்குள். அதற்கு ஆர்.ஓ. தண்ணீரில் இறாலுக்கான தாது உப்பை அளந்து கலக்க வேண்டும், அடியில் பிஎச்சை இறக்கிவைக்கும் 'சாயில்' என்ற விசேஷ மண் போட வேண்டும். அந்தச் சாயில் ஒன்றிரண்டு வருடத்தில் சக்தி இழந்துவிடும், அப்புறம் தொட்டியைக் கலைத்து மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அது எந்த இறாலுக்கும் ஆகாது. மெட்ரோ தண்ணீரை இரண்டு நாள் பக்கெட்டில் பிடித்துவைத்து, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டு, பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலந்து செர்ரிக்கு ஊற்றுகிறேன். பேனா அளவு டிடிஎஸ் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும். கிரிஸ்டலுக்கு இந்தக் கலவை உதவாது. ஆனால் தண்ணீர் விஷயம் பழகிவிடும். மாதம் ஒரு முறை அரை மணி நேர வேலை. இதற்காக நான் கிரிஸ்டலை விட்டுவிடவில்லை.

விடவைத்தது வெயில்.

கிரிஸ்டலுக்கு 20 முதல் 24 டிகிரி வரை சுகம். செர்ரி 28 வரை கவலையில்லாமல் இருக்கும், அதற்கு மேலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இப்போது என் தொட்டிக்கு வாருங்கள். மார்கழிக் காலையில்கூட தெர்மாமீட்டர் 24, 25 காட்டுகிறது. கிரிஸ்டலுக்குச் சுகமான அளவின் உச்சத்தில் என் வீட்டின் மிகக் குளிர்ந்த நாள் தொடங்குகிறது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு 31, சில நாள் 32.

கார்த்திகையில் பத்து கிரிஸ்டல் வாங்கி வந்தேன். அன்றைக்கே கடைக்கார அண்ணன், "வீடு எத்தனாவது மாடி தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ ஏசி ரூம்ல வைங்க, இல்லன்னா செர்ரியே எடுத்துட்டுப் போங்க" என்றார். விற்பனையைக்கூடப் பார்க்காமல் சொன்ன அந்த வார்த்தையை நான் கேட்டிருக்க வேண்டும். தை மாதம் ஒரு பெண் முட்டை சுமந்தது, மாசியில் பதினைந்து குஞ்சு போல எண்ணினேன். அரிசிமணி அளவில், அதே சிவப்புப் பட்டையோடு அவை பாசியில் ஊர்வதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. பங்குனியில் தண்ணீர் 28ஐத் தாண்டியதும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. சித்திரை முடிவதற்குள் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. காலையில் எழுந்து அந்தப் பக்கம் பார்க்கவே மனம் வராத நாட்கள் அவை.

சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை, தெரிந்த வழி எல்லாம் செய்தேன். முதலில் சின்ன விசிறி. தண்ணீர்ப் பரப்பில் காற்று பட்டால் நீர் ஆவியாகும், ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், தொட்டி குளிரும். மதுரையிலோ கோவையிலோ இது நன்றாக வேலை செய்யலாம். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கிறது. ஈரக்காற்றில் ஆவியாதல் குறைவு. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுக்குக் கீழே தண்ணீர் இறங்காது. மே மாதச் சென்னையில் அந்த அளவு 26, 27 டிகிரி. நடைமுறையில் எனக்கு 31 என்பது 28.5 ஆனது. செர்ரிக்கு அது உயிர்மருந்து. கிரிஸ்டலுக்குப் போதவில்லை.

அடுத்து ஐஸ். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து 25 லிட்டர் தொட்டியில் மிதக்கவிட்டால் இரண்டு டிகிரி இறங்கும். 31லிருந்து 23க்குக் கொண்டுவர நான்கு பாட்டில் வேண்டும். அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு ஏறிவிடும், திரும்பவும் நான்கு பாட்டில். நான் வேலைக்குப் போன பிறகு அம்மாதான் பாட்டில் மாற்றினார். இப்படித் தண்ணீரின் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது சூட்டைவிடக் கெடுதல் என்று தாமதமாகத்தான் உணர்ந்தேன். இறால் சட்டை உரிக்கும் நேரத்தில் தண்ணீர் திடீரென மாறினால் பாதி உரித்த நிலையிலேயே செத்துப்போகும். என் தொட்டியில் அப்படி மூன்று போயின.

மிச்சம் இருப்பது கம்ப்ரஸர் சில்லர், ஃப்ரிட்ஜ்போலத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம். அதன் விலை, தொட்டியும் இறாலும் சாயிலும் சேர்ந்த விலையைப்போலப் பல மடங்கு. அதையும் விடுங்கள், கரண்ட் கணக்கைப் பாருங்கள். 100 வாட் சில்லர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட். செர்ரி தொட்டியின் 5 வாட் ஏர் பம்ப் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டைச் சுற்றித்தான் வரும். போதாததற்கு, சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அதே ஹாலில்தான் கக்கும். மூன்றாம் மாடியில் அந்தச் சூட்டில் உட்காரப்போவது நாம்தான்.

செர்ரிக்கு மட்டும் வெயில் உறைக்காது என்று நினைத்துவிட வேண்டாம். மே மாதத்தில் என் பெண் இறால்கள் சுமக்கும் முட்டையைப் பாதியில் உதிர்த்துவிடும். குஞ்சு வருவது அநேகமாக நின்றுவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 23 டிகிரியில் லிட்டருக்கு 8.6 மில்லிகிராம் வரை கரையும் தண்ணீர், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமோடு நிற்கும். அதனால் கோடையில் இரண்டாவது ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போடுகிறேன், தீனியைப் பாதியாகக் குறைக்கிறேன். விசிறி ஓடும் நாட்களில் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே அந்த ஒரு லிட்டரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புகிறேன், மெட்ரோ தண்ணீர் ஊற்றுவதில்லை. இவ்வளவு செய்தால் செர்ரி கத்திரியைக் கடந்துவிடும். ஆடியில் இரண்டு மழை பெய்ததும் பெண் இறால்களின் கழுத்துக்குப் பின்னால், உள்ளே முட்டை உருவாவதைக் காட்டும் மஞ்சள் சேணம் தெரியத் தொடங்கும். அப்புறம் கவலையில்லை.

கரண்ட் போகும் நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம், அம்மா ஒரு முறை, நான் ஒரு முறை. செர்ரியில் இரண்டுதான் போனது. அப்போது என்னிடம் கிரிஸ்டல் இல்லை, அதனால் அது என்ன ஆகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சில்லரை நம்பி இருக்கும் தொட்டியில் மே மாதம் மூன்று மணி நேரம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

இரண்டுக்கும் பொதுவான எமன் ஒன்று உண்டு. கொசு மருந்து. லிக்விடிலும் காயிலிலும் இருப்பது பைரித்ராய்டு வகை விஷம், இறாலுக்கு அது துளி போதும். ஹாலில் அதைக் கொளுத்துவதையே நிறுத்திவிட்டோம், வலை கட்டிப் படுக்கிறோம். தெருவில் புகை அடிக்கும் வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை அணைத்து, தொட்டியை ஈரத்துணியால் மூடிவிடுவேன். மீனுக்குக் கொடுக்கும் மருந்துகளில் தாமிரம் கலந்தவற்றையும் கிட்டச் சேர்க்காதீர்கள்.

குஞ்சு எடுப்பதில் செர்ரி தாராளம். ஒரு பெண் 20, 30 முட்டை சுமந்து, மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு விடும். அந்தக் குஞ்சு மூன்று மாதத்தில் தானே முட்டை சுமக்கும். பன்னிரண்டு செர்ரியோடு புரட்டாசியில் தொடங்கிய தொட்டியில் பங்குனிக்குள் நூறைத் தாண்டிவிட்டது. ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி ஒரு கொத்து, தெருவோர பாதாம் மரத்தில் உதிர்ந்த காய்ந்த இலை இரண்டு, வாரம் ஒரு நாள் வேகவைத்த கீரை, இவ்வளவுதான் செலவு. கூடவே கப்பி மீன் விடாதீர்கள், குஞ்சைத் தின்றுவிடும். நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களைக் கலந்தும் விடாதீர்கள். ஒன்றோடொன்று கூடி, சில தலைமுறையில் காட்டு இறாலின் மங்கிய பழுப்புக்குத் திரும்பிவிடும். நிறம் வெளிறியவற்றை நான் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். கிரிஸ்டலில் தரம் பிரித்து அடுத்த தலைமுறையை உயர்த்துவது பெரிய கலை. ஒரே ஒரு ஈடு குஞ்சு பார்த்த அனுபவத்தில் அதைப் பற்றி நான் பேசுவது நியாயமாக இருக்காது.

அடுத்தது விற்பனை. உபரி செர்ரியை இரண்டு முறை கடையில் கொடுத்து, பதிலுக்கு ஸ்பாஞ்சும் தீனியும் வாங்கி வந்தேன். சில்லறை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் எடுத்தார்கள். கிரிஸ்டல் குஞ்சுக்கு இதைவிட நல்ல விலை கிடைக்கும். விற்கும் வயது வரை அது பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரவு முழுக்க ஏசி ஓடும் அறையோ, வெயில் நேராக விழாத தரைத்தள வீடோ உங்களுக்கு இருந்தால் நிலைமை வேறு. ஆனாலும் கிரிஸ்டல் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இறால் இல்லாமல் தண்ணீர் மட்டும் நிரப்பிய தொட்டியை வைக்கப்போகும் இடத்தில் வைத்து, மே மாதத்தில் ஒரு வாரம் மதியம் இரண்டு மணிக்கும் விடிகாலையிலும் தெர்மாமீட்டர் காட்டுவதை எழுதிவையுங்கள். ஒரு நாளாவது 26ஐத் தாண்டினால் அந்தத் தொட்டியில் செர்ரியே விடுங்கள். ஆவணியில் பத்துப் பன்னிரண்டு வாங்கினால், அடுத்த வெயில் வருவதற்குள் அவை உங்கள் தண்ணீரிலேயே பிறந்த பிள்ளைகளோடு இருக்கும்.