சின் வந்தது, பதில் போகவில்லை: லினக்ஸில் எதை வைத்துத் தேடுவது?

சர்வரில் சிபியு சும்மா கிடக்கிறது, மெமரியும் தாராளம். ஆனாலும் சில இணைப்புகள் மட்டும் சரியாக 1 வினாடி தாமதித்துத் திறக்கின்றன; சில 3 வினாடி. இந்த எண்களே ஒரு துப்பு. இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் சின் (SYN) பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் லினக்ஸ் 1 வினாடி பொறுத்து மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால், லினக்ஸ் 6.5-க்கு முன்பு, இன்னும் 2 வினாடி. ஆக, சின் எங்கேயோ தொலைகிறது, அல்லது அதற்கான பதில் தொலைகிறது.

இந்த இடத்தில் பலரும் உடனே, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை (tcpdump) திறப்பார்கள். 1988-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்த கருவி, இன்றும் எங்கும் கிடைக்கும். "பாக்கெட் எங்கள் வாசல்வரை வந்துவிட்டது" என்று நெட்வொர்க் குழுவிடம் காட்ட இதைவிடச் சாட்சி வேறில்லை. ஆனால் வாசல்வரைதான். உள்ளே வரும் பாக்கெட்டை லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் (iptables) தொடுவதற்கு முன்பே இது பார்த்துவிடும். வெளியே போகும்போது தலைகீழ்: ஐபிடேபிள்ஸ் தடுத்தது இதன் கண்ணிலேயே படாது. இதை மறந்துவிட்டு நான் ஒருமுறை அரைநாளைத் தொலைத்திருக்கிறேன். சின் வந்தது, பதில் போகவில்லை என்று தெரிகிறது, சரி. தடுத்தது ஃபயர்வாலா, இணைப்புகள் காத்திருந்து நிரம்பி வழியும் வரிசையா? டிசிபிடம்ப்புக்குத் தெரியாது.

இணைப்பு முனைகளான சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) கருவிக்குத் தெரியும். பழைய கருவியான நெட்ஸ்டாட் (netstat) புராக் (/proc) கோப்புகளைப் படித்துச் சொல்லும். எஸ்எஸ், நெட்லிங்க் (netlink) என்ற நேரடி வழியில் லினக்ஸின் மையமான கெர்னலையே கேட்கும். லிசன் நிலையில், அதாவது புதிய இணைப்புகளுக்காகக் காத்து, உள்ள சாக்கெட்டில் ரிசீவ்-க்யூ (Recv-Q) என்பது அப்ளிகேஷன் அக்செப்ட் செய்யக் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை, சென்ட்-க்யூ (Send-Q) அதன் வரம்பு. (மற்ற சாக்கெட்டுகளில் இதே பத்திகளுக்குப் பொருள் வேறு. இப்படிப் பெயர் வைத்தவரை என்ன சொல்வது!) வரிசை நிரம்பிவிட்டால் கெர்னல் சத்தமில்லாமல் புதிய சின்னைக் கீழே போட்டுவிடும். கெர்னலின் நெட்வொர்க் எண்ணிக்கைகளைக் காட்டும் என்ஸ்டாட்டில் (nstat) லிசன்-ஓவர்ஃப்ளோஸ் (ListenOverflows) ஏறிக்கொண்டே இருந்தால் குற்றவாளி அதுதான். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும், அதனால்தான் முதலில் இதைத் திறக்கச் சொல்கிறேன்.

எஸ்எஸ்ஸின் குறை, அது ஒரு புகைப்படம். சில மில்லிவினாடி நிரம்பி வடியும் வரிசை அதில் விழாது. அப்புறம்தான், ஓடும் கெர்னலுக்குள் எட்டிப் பார்க்கும் பிபிஎஃப்ட்ரேஸ் (bpftrace). கெர்னல் ஃபங்ஷன் ஒன்றில் கொக்கி போட்டு, ஒவ்வொரு இணைப்பும் வரும்போது வரிசை எவ்வளவு நிரம்பியிருந்தது என்று ஹிஸ்டோகிராமாகவே வரைந்துவிடலாம். கண்சிமிட்டும் நேரத்தில் திறந்து மூடிய இணைப்பையும், அதைத் திறந்த ப்ராசஸையும் இதே வகைக் கருவியான டிசிபிலைஃப் (tcplife) காட்டிக்கொடுக்கும். ஆனால் கெர்னல் மாறினால் ஃபங்ஷன் பெயரும் மாறலாம், நேற்று ஓடிய ஸ்கிரிப்ட் இன்று ஓடாது. ட்ரேஸ்பாயிண்ட், அதாவது கண்காணிக்கவென்றே கெர்னலில் நிலையாக வைக்கப்பட்ட இடம், இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பழைய 3.10 கெர்னலில் ஓடும் சர்வர் என்றால் இந்த ஆசையையே விட்டுவிடலாம்.

வரிசைதான் காரணம் என்று தெரிந்தால், அந்த வரிசைக்குக் கெர்னல் வைக்கும் உச்சவரம்பான சோமேக்ஸ்கான் (somaxconn) மதிப்பைப் பாருங்கள். லினக்ஸ் 5.4-க்கு முன்பு அது 128, பிறகு 4096. வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் (nginx) 511 கேட்டாலும் பழைய கெர்னலில் 128-தான் கிடைக்கும். ஏற்றிய பிறகு அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், ஏனென்றால் லிசன் அழைத்தபோது இருந்த வரம்புதான் அதுவரை நீடிக்கும். எஸ்எஸ்ஸில் சென்ட்-க்யூ எண் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.