‘பழைய வீட்டு பர்மா தேக்கு’ வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? ஒரு நிமிஷம்

புதுச்சேரியில் மரவேலை கத்துக்க ஆரம்பித்திருக்கிற யாராவது இதைப் படித்தால், முதல் பலகை வாங்குவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றின மரக்கடையின் பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள். என்னிடம் ஒழுங்கான பில் கிடையாது, அது இல்லாமல் பெயர் போட்டால் மாட்டிக்கொள்வது நான்தான்.

நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். போன வருஷம் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு பழைய இழைப்புளியும் இரண்டு உளியும் கண்ணில் பட்டன. பேரம் பேசி வாங்கி வந்து மொட்டை மாடியில் வேலையை ஆரம்பித்தேன். குரு யூடியூப்தான். முதலில் ஒரு முக்காலி, அது ஆடியது. பிறகு செருப்பு வைக்கிற ஸ்டாண்டு, அது ஆடவில்லை. அந்தத் தைரியத்தில் மகளுக்குப் படிக்கிற மேசை செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம்.

எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரே பாட்டு: மரம் காய்ந்திருக்க வேண்டும். அந்த வீடியோக்காரர்கள் ஊர்க் கடைகளில் சூளையில் உலர்த்தி, இழைத்து, அடுக்கி வைத்து விற்கிறார்கள். நம்மூர் மரவாடியில் போய் “காய்ஞ்ச மரமா?” என்று கேட்டால், “நேத்துதான் வெயில்ல போட்டோம் சார்” என்று பதில் வருகிறது. அதனால்தான் பழைய வீடு இடித்த மரத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது. நூறு வருஷம் கூரையில் கிடந்த உத்திரம் இனிமேல் எதற்குச் சுருங்கப் போகிறது? யோசனையில் தப்பில்லை. தப்பு வாங்கின இடத்தில்.

பைபாஸ் பக்கம் ஒரு கொட்டகை. வாசலில் பழைய கதவுகள், ஜன்னல் சட்டங்கள், ஒரு உடைந்த மாடிப்படிக் கைப்பிடி. எல்லாமே பிரெஞ்சுக்காரன் காலத்து பர்மா தேக்கு என்றார் கடைக்காரர். ஒரு உத்திரத்தைக் காட்டி, “மேரி கட்டடத்து மரம் சார்” என்று குரலைத் தாழ்த்தினார். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி மழையில் இடிந்து விழுந்தது 2014 நவம்பரில். அந்த மரம் என்று சொல்லி இந்த ஊரில் இதுவரை விற்றதையெல்லாம் ஒன்று சேர்த்தால் கடற்கரையில் இன்னும் பத்து மேரி கட்டலாம். அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை.

என் கண் முன்னாலேயே ஒரு துண்டை இழைத்துக் காட்டினார். பொன்நிறம். தோல் பை மாதிரி ஒரு வாசனை. விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. அது அசல் தேக்குதான், இப்போதும் சொல்கிறேன். ஆனால் எனக்குக் கொடுத்த பலகைகள் அந்தத் துண்டு வந்த அடுக்கிலிருந்து வந்தவை அல்ல. உள்ளே போய், “அறுத்து எடுத்துட்டு வர்றேன், டீ சாப்பிடுங்க” என்றார். நானும் சாப்பிட்டேன்.

வந்த பலகைகள் பழுப்பாக, அழுக்காக, அங்கங்கே ஆணித் துளைகளோடு இருந்தன. பார்க்கும்போது சரித்திரத்தையே விலைக்கு வாங்கினது போல இருந்தது. ஒரு தாளில் பென்சிலால் ‘2.1 x 4200 = 8820’ என்று எழுதிக் கொடுத்தார். 2.1 கன அடி, கன அடிக்கு 4200 ரூபாய். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது ஐப்பசி மாசம். பொங்கலுக்கு மேசை முடிந்தது. வார்னிஷ் அடித்து, போட்டோ எடுத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாசி பிறந்ததும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. பங்குனியில் அதற்குள் ஐந்து ரூபாய்க் காசு நிற்கிற அளவுக்குப் பிளந்தது. ஒரு ஓரப் பலகை ஓடு மாதிரி வளைந்து எழும்பியது.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இப்போது சொல்லப்போகிற விஷயத்துக்காகத்தான். எனக்கு மரத்தின் மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. எல்லாச் சந்தேகமும் என் கை மேல்தான். ஓரம் நேராக இழைக்கவில்லை போல. பெவிகால் காய்வதற்குள் கிளாம்பை எடுத்துவிட்டேன் போல. இரண்டு தடவை பிரித்து ஒட்டினேன். 1800 ரூபாய்க்குப் புதிதாகக் கிளாம்ப் வாங்கினேன். செங்கோணம் பார்க்கிற மூலமட்டமே கோணலோ என்று நினைத்து அதையும் மாற்றினேன். புதிதாகக் கத்துக்கிறவன் எது கோணினாலும் தன்னைத்தான் திட்டிக்கொள்வான். அவனிடம் விற்கிறவருக்கு இதைவிட நல்ல கியாரண்டி வேறென்ன வேண்டும்?

கடைசியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: “யாரு சார் செஞ்சது?”

“நான்தான்.”

சிரித்தார். “அதான் சார். ஆசாரி கை பட்டாத்தான் மரம் அடங்கும். பரவால்ல, பழகப் பழக வந்துடும்.”

நான் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். சத்தியமாக.

உண்மை தெரிந்தது தற்செயலாக. வாசல் கதவு மழையில் ஊதி மூடாமல் போனதால் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தோம். ஐம்பது வருஷமாக மரவேலை செய்கிறவர். கதவை முடித்துவிட்டுக் காபி குடிக்கும்போது மேசையைப் பார்த்தார். பார்த்ததும் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினார்.

“இது யாரு தம்பி தேக்குன்னு குடுத்தது?”

“ஏன் ஐயா?”

பதில் சொல்லவில்லை. என் உளியையே வாங்கி ஒரு ஆணித் துளையைச் சுற்றிப் பிளந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று புது மரம். “பழைய ஆணி இருந்த துளைன்னா துரு எங்க? சுத்தி கறுத்துப் போயிருக்கணும். இது டிரில் போட்டது.” பலகையின் தலைப்பை ஒரு சீவு சீவினார். மேலே தடவியிருந்த பழுப்புச் சாயம் ஒரு நூல் ஆழம்தான் இருந்தது. தேக்கின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும், ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசிக்குத்து மாதிரிப் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. தூங்குமூஞ்சி மரமாக இருக்கும் என்றார், புயலில் விழுந்த சாலையோர மரமாக இருந்தாலும் ஆச்சரியமில்லையாம். வைரம், அதாவது கெட்டியான நடுமரம், கொஞ்சம்; மீதியெல்லாம் வெள்ளை. மேசைக்குக் கீழே தினமும் காலையில் மாவு கொட்டிக் கிடப்பதை மகள் முதலிலேயே சொல்லியிருந்தாள். நான் சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறது என்று நினைத்திருந்தேன். வெள்ளைப் பகுதியைத் தின்கிற வண்டு அது.

கால்கள் நாலும் மட்டும் அசல் பழைய தேக்கு. அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

பெரியவர் என்னையும் விடவில்லை. மேல்பலகையைக் கீழ்ச் சட்டத்தில் எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கி வைத்திருந்தேன். “அசையுறதுக்கு இடமே குடுக்கல. துளையைக் குறுக்கால நீளமா வெட்டி விட்டிருந்தா இம்மாம் பெருசா பிளந்திருக்காது” என்றார். ஆக, வளைந்ததும் மாவு கொட்டினதும் கடைக்காரன் கணக்கு. அவ்வளவு அகலமாகப் பிளந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அன்று ராத்திரி கணக்கு எழுதுகிறவனின் ரத்தம் கொதித்தது. டேப்பை எடுத்து ஒவ்வொரு துண்டாக அளந்தேன். கன அடிக் கணக்கு சுலபம்: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 6 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், நாலரை அடி நீளம் என்றால் 27-ஐ 144-ஆல் வகுத்து 0.1875. அப்படி நாலு பலகை 0.75. கால்கள் 0.43. சட்டங்கள் 0.33. மொத்தம் ஒன்றரை கன அடியைக் கொஞ்சம் தாண்டுகிறது. எனக்குப் போட்டது 2.1. அதிலும் ஒரு அங்குலக் கனம் என்று விற்ற பலகை இழைக்காத இடத்தில்கூட 21 மில்லிமீட்டர்தான் இருந்தது. அங்குலம் என்றால் 25.4. அலுவலகத்தில் இரண்டு ரூபாய் உதைத்தால் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுகிறவன் நான். கடையில் நின்று இதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே!

ஈரத்தையும் பார்த்தேன். மிச்சப் பலகைத் துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 118 கிராம். கேக் செய்கிற ஓவனில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை விட்டேன். 94 கிராமில் நின்றது. போன 24-ஐ மிச்சமிருக்கிற 94-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 25. ஆறு மாதம் வீட்டில் கிடந்த பிறகும் இவ்வளவு. மாடிச் சாரலில் கிடந்த துண்டு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், பக்கத்திலேயே கிடந்த, மேசைக் காலில் மிஞ்சின தேக்குத் துண்டு நூற்றுக்கு 12-தான் காட்டியது. (வீடு முழுக்க ஒரு புளித்த வாடை. மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.)

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது சிரிப்பு இல்லை. “நம்ம கடையில வாங்கினதுக்கு என்ன சார் ஆதாரம்?” பென்சில் சீட்டை நீட்டினேன். அதில் கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, தேக்கு என்ற வார்த்தையே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது பில்தான். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை, இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது. இவ்வளவு வசதியும் எனக்குப் பிரயோஜனப்படாமல் போனது அந்தப் பென்சிலால். மரத்தின் பெயர், அளவு, கன அடி எல்லாம் எழுதின ஜி.எஸ்.டி. பில் தரமாட்டேன் என்றால் டீயை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். உள்ளே போய் அறுத்து வருகிறேன் என்றால் கூடவே போங்கள். கையில் ஒரு உளி இருக்கட்டும். ஆணித் துளை ஒன்றையும் பலகைத் தலைப்பையும் சீவிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

பெரியவர் சொன்னபடி பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பலா மரம் அறுத்து வாங்கியிருக்கிறேன். பச்சை மரம் என்று சொல்லியே விற்றார்கள், அதற்கேற்ற விலையில். மாடியில் தகரத்துக்குக் கீழே, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்கியிருக்கிறேன். ஒரு பலகையை மட்டும் ஞாயிறுதோறும் நிறுத்துச் சுவரில் எழுதி வருகிறேன். முந்தின வாரம் 3 கிலோ 165, போன வாரம் 3 கிலோ 140. இன்னும் இறங்குகிறது. எடை இறங்குவது நிற்கும்வரை மகள் சாப்பாட்டு மேசையில் படிக்கிறாள்.