சூப்பர் ஹீரோ படம் போடும் முன் வில்லனைப் பாருங்கள்: விடுமுறைக்கு ஒரு விமர்சனம்

1962-இல் காமிக்ஸில் பீட்டர் பார்க்கரைக் கடித்தது கதிரியக்கம் ஏறிய சிலந்தி. 2002-இல் அதே கதை சினிமாவானபோது கடித்தது மரபணு மாற்றிய சிலந்தி. பையன் அதே பையன், கடியும் அதே கடி. அந்த 40 ஆண்டுகளில் அமெரிக்காவின் பயம் அணுகுண்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு இடம் மாறியிருந்தது, கூடவே சிலந்தியும் மாறியது. நம் பக்கமும் இதேபோலத்தான். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். அதை மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு மின்சாரமே பாதி மாயம்.

ஆகவே ஒரு சூப்பர் ஹீரோ படம் பிள்ளைகளுக்குத் தகுமா என்று பார்க்க, அதில் எத்தனை சண்டை என்று எண்ணிப் பயனில்லை. சக்தி எங்கிருந்து வருகிறது, வில்லன் எதைக் கேட்கிறான் என்று பாருங்கள். அந்தச் சமூகத்தின் பயம் தெரிந்துவிடும். எல்லாம் கைமீறும் நேரத்தில் நாயகன் எதைச் செய்ய மறுக்கிறான் என்று பாருங்கள். அதன் மதிப்பீடு தெரியும். 8 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காகச் சில படங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்திருக்கிறோம்.

முதலில் சான்றிதழ். 2024-இன் புதிய விதிகளுக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்துவிட்டது. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பார்க்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பெரியவர்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் பொருள். பழைய படங்களில் வெறும் யு/ஏ மட்டும் இருக்கும், அதை வைத்து வயதைக் கணிக்க முடியாது. ஓடிடியில் சிறுவர் ப்ரொஃபைல் போட்டால் 13+ படங்கள் பெரும்பாலும் பட்டியலிலேயே வராது. அந்தப் படங்களுக்குப் பெரியவர்களின் ப்ரொஃபைலைத் திறந்து, கூடவே உட்கார வேண்டும். தமிழ் ஒலி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். உரிமை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தமிழ் ஒலி கூடவே போகும் என்ற உறுதி கிடையாது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தொடங்க 'பிக் ஹீரோ 6' (2014) நல்ல படம், 102 நிமிடம்தான். ஹீரோ என்ற பையனின் அண்ணன் தீ விபத்தில் இறந்துபோகிறான். அண்ணன் செய்துவைத்த மருத்துவ ரோபோ பேமேக்ஸ் தம்பியிடம் வந்து சேர்கிறது. குற்றவாளி யாரென்று தெரிந்ததும், ரோபோவின் மருத்துவச் சில்லைப் பிடுங்கிவிட்டு சண்டைச் சில்லை மட்டும் விட்டு, அவனைக் கொல்லச் சொல்கிறான் பையன். அங்கே படத்தை நிறுத்துங்கள். "இப்ப இவனுக்கும் வில்லனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். துக்கம் பழிவாங்கலாக மாறிவிடுமோ என்ற பயத்தை இவ்வளவு எளிமையாகச் சொன்ன சிறுவர் படம் வேறு இல்லை என்பது எங்கள் கணிப்பு.

'இன்க்ரெடிபிள்ஸ் 2' (2018) கைப்பேசித் தலைமுறையின் பயம். திரையைப் பார்ப்பவர்களை வசியம் செய்பவர்தான் வில்லன். அம்மா வேலைக்குப் போக, அப்பா வீட்டில் கணக்குப் பாடத்தோடும் கைக்குழந்தையோடும் போராடும் பகுதிதான் படத்தின் உயிர். ஒரு எச்சரிக்கை: வில்லனின் மறைவிடத்தில் நடக்கும் சண்டையில் வெள்ளை ஒளி நீண்ட நேரம் விட்டுவிட்டு மின்னும். படம் வெளியானபோது அமெரிக்கத் திரையரங்குகளில் இதற்காகவே அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் இந்தப் படமே வேண்டாம். மற்றவர்களும் அறை விளக்கை அணைக்காமல், டிவியிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

ஸ்பைடர்-மேனின் அனிமேஷன் வரிசையான ஸ்பைடர்-வெர்ஸ் படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் படத்தில் (2018) புதிதாகச் சிலந்திச் சக்தி பெற்ற பையன் மைல்ஸின் அசைவை நொடிக்கு 12 சித்திரமாகவும், அனுபவசாலியான பீட்டரின் அசைவை 24 சித்திரமாகவும் வரைந்தார்கள். பையன் தடுமாறுகிறான் என்பது வசனமே இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிறது. பல டிவிகளில் கடையிலிருந்து வரும்போதே அசைவை மழமழப்பாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். எல்ஜியில் அதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. சாம்சங்கில் மாடலைப் பொறுத்து ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. அது நடுவில் இல்லாத சித்திரங்களைத் தானே செருகி இந்த வித்தியாசத்தையே அழித்துவிடும். பட அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டாம் பாகம் (2023) 140 நிமிடம். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வந்தது. அங்கே வில்லன் போல் நிற்பவனும் ஒரு ஸ்பைடர்-மேன்தான். "உன் அப்பா சாக வேண்டும், அது விதி, மாற்றினால் உலகம் அழியும்" என்பது அவன் வாதம். மைல்ஸ் மறுக்கிறான். உனக்கு இதுதான் பாதை என்று பெரியவர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள் என்பதுதான் இன்றைய பதின்பருவத்தின் பயம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு என்று பேச்சு நடக்கும் வீட்டில் இது அப்படியே பொருந்தும். கதை பாதியில் நிற்கும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

13-ஐத் தாண்டியவர்களுக்கு 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' (2014). அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை செய்த ஸ்னோடென், அரசு மக்களை உளவு பார்ப்பதை 2013-இல் அம்பலப்படுத்தினார்; மறு ஆண்டு இந்தப் படம் வந்தது. மக்களின் வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, மின்னஞ்சல், நுழைவுத் தேர்வு மதிப்பெண் வரை அலசி, நாளை யார் எதிர்ப்பார்கள் என்று கணித்து இன்றே கொல்வதுதான் வில்லனின் திட்டம். சென்னைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே காவல்துறை சிசிடிவியை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாகக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குக் கேமரா என்றால் பாதுகாப்பு. "நம்ம தெருவுல கேமரா இருக்கறது நல்லதுதானே?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று பேச்சு நகர்ந்தால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' (2018) இந்தப் பட்டியலிலேயே கவனமாகக் கையாள வேண்டிய படம். வளம் குறைவு, வாய்கள் அதிகம், ஆகவே பாதி உயிர்கள் அழிய வேண்டும் என்கிறான் வில்லன் தானோஸ். 12 வயதுப் பிள்ளைக்கு இது நியாயமாகவே படக்கூடும். படமோ அவனை அடிக்கிறதே தவிர, அவன் கணக்கு ஏன் தப்பு என்று நிதானமாகச் சொல்வதில்லை. அதுதான் அதன் பெரிய குறை. பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன் ரயிலில் தண்ணீர் வந்தது. ஆள் அதிகமானதால் மட்டுமா அந்தத் தட்டுப்பாடு? பள்ளிக்கரணை சதுப்பில் எவ்வளவு மிச்சம், எந்த ஏரி எந்த நகராக மாறியது என்று பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தானோஸ் விரலைச் சொடுக்கிப் பாதிப் பேரை அழித்தாலும் மூடிய ஏரி திறக்காது என்று பிள்ளைக்கே புரியும். அடுத்த பாகமான 'எண்ட்கேம்' 181 நிமிடம். தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். முந்தைய குரலில் பழகியவர்களுக்கு ஒட்டாது. முதல்முறை கேட்பவர்களுக்குச் சிரமமில்லை.

இனி நம் படங்கள். வரைகலையில் மார்வெலோடு ஒப்பிட்டால் தோற்கும், பாட்டும் காதலும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் பயம் சொந்தப் பயம். 'மாவீரன்' (2023) படத்தில் வானத்திலிருந்து யாரும் வருவதில்லை. சுவரில் விரிசல் வருகிறது. குடிசையிலிருந்து அப்புறப்படுத்தி, தரமில்லாத அடுக்குமாடியில் கொண்டுபோய் அடைத்தவர்கள்தான் எதிரிகள். பயந்த சுபாவமுள்ள கார்ட்டூன்காரனுக்கு அவன் வரைந்த மாவீரனின் கதையைச் சொல்லும் குரல் கேட்கிறது, அவ்வளவுதான் சக்தி. 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்த காட்சிகளைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பிள்ளைகளுக்கு இது கற்பனைப் படமே அல்ல. முதல் பாதியில் தற்கொலை முயற்சிக் காட்சி ஒன்று உண்டு. 12 வயதுக்குக் கீழே என்றால் அதைத் தாண்டிவிடுங்கள், அதன் பிறகுதான் குரல் கேட்கத் தொடங்குகிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

'ஹீரோ' (2019) மதிப்பெண் பயத்தைத் தொடுகிறது. எண்ணம் நல்லது, வசனம் வகுப்பெடுக்கிறது. மாணவி ஒருத்தியின் தற்கொலை கதையின் நடுவில் இருப்பதால், தேர்வு முடிவு வரும் வாரத்தில் போடவே வேண்டாம். 'வீரன்' (2023) இன்னும் இலகு. மின்னல் தாக்கிச் சக்தி பெற்றவன், ஊர்க் காவல் தெய்வத்தின் வேடத்தில் வந்து மண்ணுக்கடியில் போகும் ஆபத்தான மின்திட்டத்தைத் தடுக்கிறான். முகமூடிக்குப் பதில் குலசாமி. சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. மேலே சொன்ன மூன்று தமிழ்ப் படங்களிலும் காப்பாற்றுவது ஆண்தான். மலையாளத்திலிருந்து தமிழிலும் வந்த 'லோகா' (2025) அந்த இடத்தை நிரப்புகிறது. ஊரே பயந்த கேரளக் கதைகளின் யட்சியான கள்ளியங்காட்டு நீலியை ஊரைக் காக்கும் பெண்ணாக மாற்றியிருக்கிறார்கள். இரத்தம் உண்டு, ஆகவே 13 வயதுக்கு மேல். பார்த்து முடித்ததும், பழிவாங்கப் பேயாக வந்து பொய்யாக அழுத நம் பழையனூர் நீலியின் கதையைச் சொல்லுங்கள். ஊர் தூரமில்லை, அரக்கோணம் மின்ரயிலில் திருவாலங்காட்டில் இறங்க வேண்டும். நீலிக் கண்ணீர் என்று நாம் ஏன் சொல்கிறோம், அந்தக் கதையை நீலியே சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.