டியூப் எரிந்தால் அது டியூப் அம்ப் ஆகிவிடாது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீட்டில் பாட்டுக் கேட்க அம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுகிற அம்ப்ளிஃபயர்) தேடுகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் இதை வாசியுங்கள். "ஃபுல் டியூப், ரெண்டு பக்கமும் 100 வோட்ஸ்" என்று சொல்லி எனக்கு ஒரு பெட்டியை 85,000 ரூபாவுக்கு விற்றார்கள். டியூப் என்றால் பழைய வால்வ் ரேடியோவில் சத்தத்தைப் பெருக்குகிற கண்ணாடி வால்வ். மேலே அப்படி இரண்டு அழகாக எரிகிறது. பாட்டு அந்த டியூப் பக்கமே போகவில்லை. உள்ளே ஒரு சின்னச் சிப்தான் முழு வேலையும் பார்க்கிறது. முறைப்பாடு இன்னும் முடியவில்லை, அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. அதே பெட்டியை வேறு பெயரில் வேறு ஊரிலும் பார்த்துவிட்டேன்.

டியூப் மேல் நம்மாட்களுக்கு இருக்கிற ஆசை விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் வால்வ் ரேடியோ என்றால் அது துரை பங்களாவில். லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் நம் வீடுகளில் பாடியதெல்லாம் டோர்ச் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர்தான். பங்களாவில் சமையல் வேலை பார்த்த என் தாத்தா, அந்தப் பெரிய பெட்டி சூடேறி மெதுவாகக் குரல் எழும்பி வருவதைப் பற்றிக் கடைசிவரை பேசுவார். கடைக்காரர் என்னிடம் முதலில் சொன்னதே "பங்களா சவுண்ட் சேர், கேட்டுப் பாருங்க" என்றுதான். 85,000இல் பாதி அந்த 'சேர்'க்கே போயிருக்கும்.

கடையில் கேட்டபோது சத்தம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடியது. சத்தத்தைக் கூட்டினால் மொத்தமாக நின்று, பிறகு தானாகத் திரும்பி வரும். டவுனில் ரேடியோ திருத்துகிற வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெட்டியைக் கையில் வாங்கியதுமே சிரித்தார். "என்ன தம்பி, டியூப் அம்ப்னு சொன்னீங்க, ஒரு கையில தூக்குறேன்?" அணைத்தார், இரண்டு டியூபையும் கழற்றி மேசையில் வைத்தார், திரும்ப சுவிட்சைப் போட்டார். பாட்டு அப்படியே பாடியது.

டியூப் இருந்த குழிகளுக்குள் செம்மஞ்சள் எல்.ஈ.டி இரண்டு, திருவிழா சீரியல் பல்பு மாதிரி. டியூபைச் சூடாக்குகிற ஹீட்டரின் கால்களுக்கு மட்டும் வயர் போயிருந்தது. பாட்டு உள்ளே வர வேண்டிய காலும் வெளியே போக வேண்டிய காலும் சும்மா நின்றன. கீழே இருந்த, சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்கைக் கழற்றினால் டி.பி.ஏ 3116 என்று எழுதிய சிப். சிப்பில் குறையில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்கிற, கிளாஸ் டி என்ற வகை அம்ப் சிப் அது. சூடும் குறைவு, கரண்டும் குறைவு. ஆனால் அதைப் போட்ட போர்டு சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிற சாமான். ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பாடியது, ஸ்பீக்கர் டெர்மினலில் ஈயம் சரியாகப் பிடிக்காததால். மொத்தமாக நின்றது, அடாப்டர் தாங்காததால்.

அந்த அடாப்டரை அன்றுதான் திருப்பி வாசித்தோம். 19 வோல்ட், 3.42 அம்பியர். பெருக்கினால் 65 வோட்ஸ். 65 உள்ளே போய் 200 வெளியே வர எந்த வழியும் இல்லை. உண்மையான டியூப் அம்பின் கணக்கே வேறு. ஈ.எல்.34 என்ற பவர் டியூபின் (ஸ்பீக்கரை ஓட்டுகிற டியூப்) ஹீட்டர் மட்டும் 6.3 வோல்டில் 1.5 அம்பியர் இழுக்கும், ஏறத்தாழ ஒன்பதரை வோட்ஸ். அப்படி நாலு டியூப் என்றால் ஒரு வரி பாடுவதற்கு முன்பே 38 வோட்ஸ் சூடாகப் போய்விடும்.

திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் வாயில் 'சேர்' இல்லை. "டியூப் இருக்குதா? இருக்கு. எரியுதா? எரியுது. பிறகென்ன தம்பி, டியூப் அம்ப்தானே?" என்றார். டியூபுக்கு வாரண்டி இல்லை என்று வேறு சொன்னார். அந்தப் பெட்டியில் பழுதாகாமல் இருந்தது டியூப் மட்டும்தான்! பற்றுச்சீட்டில் 'அம்ப் 1' என்று எழுதியிருந்தார்கள், வேறொன்றும் இல்லை.

கடையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் தூக்கிப் பாருங்கள். பவர் டியூப் வேலை செய்வது 250 முதல் 450 வோல்ட் வரையான அழுத்தத்தில், அது எதிர்பார்க்கிற சுமை சில ஆயிரம் ஓம் தடை. உங்கள் ஸ்பீக்கரோ 4 அல்லது 8 ஓம். இரண்டையும் இணைக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அவுட்புட் ட்ரான்ஸ்போமர் வேண்டும், கரண்டுக்குத் தனியாக இன்னொன்று. அரிதான சில வகைகளைத் தவிர மூன்று இரும்புக் கட்டி இல்லாத ஸ்டீரியோ டியூப் அம்ப் கிடையாது. பின்பக்கம் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி டெர்மினல் இருப்பதும் வழக்கம்.

பிறகு, குளிர்ந்திருக்கிற அம்பில் பாட்டைப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள். டியூப் வழியாக வருகிற பாட்டு உடனே வராது. பத்து, இருபது விநாடி கழித்து மெல்ல எழும்பி வரும். தட்டியதும் பாடினால் சந்தேகப்படுங்கள். 'டிக்' என்ற ரிலே (தானாகத் தட்டுகிற சுவிட்ச்) சத்தத்தோடு முழுப் பாட்டும் ஒரேயடியாக வந்தாலும் அதே சந்தேகம்தான். வெளிச்சத்தையும் கவனியுங்கள். உண்மையான ஹீட்டர் நடுவில் மங்கிய சிவப்பாகத் தெரியும், பகலில் தேடித்தான் பார்க்க வேண்டும். அடியிலிருந்து மேல்வரை கண்ணாடி முழுக்க ஒரே நிறத்தில் பளபளத்தால் அது எல்.ஈ.டி. டியூபைக் கழற்றிப் பார்க்கிற வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். உண்மையான டியூப் அம்ப் என்றால் அணைத்த பிறகும், கரண்டைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கிற வோல்ட் நிற்கும்.

முன்பகுதியில் டியூபும் பின்பகுதியில் சிப்பும் போட்ட ஹைபிரிட் வகை உண்டு. ஹைபிரிட் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். அதில் டியூபைக் கழற்றினால் பாட்டு நின்றுவிடும், என் பெட்டி அந்த வகையில்கூடச் சேராது.

டியூபா டிரான்சிஸ்டரா என்று கேட்டால், நம் பக்கத்துக்கு டிரான்சிஸ்டர் என்றே சொல்வேன். சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் கேத்தலும் போட்டதும் வோல்டேஜ் இறங்குகிற லைன்கள் நம்முடையவை. வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டரும் இறங்கும், பாட்டும் தொய்ந்துவிடும். பவர் டியூப் சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்கிற சாமான், மாற்று டியூபுக்குக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோதான் போக வேண்டும். டியூபின் இனிமை என்று சொல்வது பெரும்பாலும் அது பாட்டோடு சேர்க்கிற மெல்லிய திரிபு. கேட்க இதமாக இருக்கும், அதை விரும்புவது தப்பில்லை. விரும்பினால் ஒரு பக்கத்துக்கு ஈ.எல்.84 இரண்டு போட்ட, 15 வோட்ஸ் அளவு தருகிற அம்ப் போதும். 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வோட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும், 8 வோட்டில் 97. நம் அறைகளுக்கு அதற்கு மேல் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நான் இப்போது கேட்பது பாஸ் தேடித் தந்த பழைய ஜப்பான் டிரான்சிஸ்டர் அம்பில். என் பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை, தூக்கினால் இடுப்பு பிடிக்கிறது.

ஏற்கனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்தடிப்பது இந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான். விளம்பரத்தை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், தெரிந்தவர் டியூபைக் கழற்றியும் பாட்டு ஓடுவதை வீடியோ எடுத்து வையுங்கள். நான் இரண்டையும் இணைத்துத்தான் அனுப்பினேன்.

இனி வாங்கப் போகிறவர்கள் பற்றுச்சீட்டில் பவர் டியூபின் இலக்கம், எத்தனை டியூப், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் உண்டு என்ற மூன்றையும் கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.